கையில் எறும்பு

இயன்முறை மருத்துவம் பயின்று, அமெரிக்க விளையாட்டு அணிகளில் பணியேற்க வந்திருக்கும் இளைய நண்பர்களே! தசைகளைப் பற்றியும் தசைநார்களைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. நான் ஆண்டுக்கணக்கில் தட்டுத் தடுமாறி அறிந்தவற்றை நீங்கள் கல்லூரியிலேயே அறிந்து வந்திருக்கிறீர்கள். ஆகையால் அவற்றை விடுத்து, ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத விழைகிறேன். அந்தச் சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஓர் அணியின் எதிர்காலமும் ஓர் இளைஞனின் வலக்கையும் ஒரு வார காலம் அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்கு முன் ஒருவரை நினைவுகூர வேண்டும். நியூ ஜெர்சியில் நான் முதன்முதலாகச் சேர்ந்த மருத்துவமனையில் எங்கள் பிரிவின் தலைவியாக ஒரு மூத்த பெண்மணி இருந்தார். "வலிக்கிறதா?" என்று நான் நோயாளியைக் கேட்கும்போதெல்லாம் திரைக்கு அப்பாலிருந்து அவருடைய செருமல் கேட்கும். ஒருநாள் என்னை அழைத்து, "அந்தக் கேள்விக்கு இரண்டே வாசல்கள். நாளை வேலைக்குப் போயாக வேண்டியவன் 'இல்லை' என்னும் வாசல் வழியாக ஓடிவிடுவான். எங்கே வலிக்கிறது, எதைப் போல இருக்கிறது என்று கேள்" என்றார். அன்று அவருடைய கண்டிப்பு எனக்குச் சற்று மிகையாகவே தோன்றியது.

பின்னர் டெக்சஸ் வந்தேன். ரவுண்ட் ராக்கிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்த சிறு நகரம் ஒன்றில், பெரிய சங்கங்கள் எதனோடும் சேராத ஒரு பேஸ்பால் அணிக்கு நான் பிசியோவானேன். பேஸ்பாலை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை. கிரிக்கெட் பழகிய கண்ணால் பார்த்துப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். கிரிக்கெட்டில் பந்து வீசுபவன் முழங்கையை நீட்டி வீச வேண்டும். பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சரோ முழங்கையை மடக்கிச் சாட்டையைப் போலச் சொடுக்குகிறான். அந்தச் சொடுக்கின் வேகம் முழுவதையும் முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறிய தசைநார் தாங்குகிறது. அது அறுந்தால் அறுவை சிகிச்சையும், ஓராண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பும் உண்டு. காத்திருந்தவர் எல்லாரும் பழைய வேகத்தோடு திரும்பியதில்லை.

அந்த அணியின் பெரும்பங்கைக் கீழக்கரையைச் சேர்ந்த ஜாபர் என்னும் வணிகர் வாங்கியிருந்தார். டெக்சஸின் ரிச்சர்ட்சன் நகரில் கடைகள் நடத்தியவர், என்னைவிட இளையவர். ஊர் வழக்கப்படி என்னைக் "காக்கா" என்று அழைப்பார். எங்கள் பகுதியில் அண்ணனை அவ்வாறு அழைப்பது மரியாதை. அணியின் அமெரிக்க மேலாளருக்கு அந்தச் சொல்லின் தமிழ்ப் பொருள் இரண்டையும் யாரோ விளக்கிவிட, அவர் என்னைக் காணும்போதெல்லாம் கைகளைச் சிறகுபோல் அசைப்பார். அதை நான் பொறுத்துக்கொண்டேன்.

ஜாபர் வாங்கியபோது அரங்கின் இருக்கைகளில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தன. அந்த நிலையை மாற்றியவன் தருண். ரவுண்ட் ராக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, இருபது வயது. கல்லூரி அணியில் தன்னை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று எங்களிடம் வந்தவன், முதற் கோடையிலேயே எதிரணியினரைத் திணறடித்தான். அவன் எறியும் நாள்களில் கணினி நிறுவனத்துப் பொறியாளர்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினர். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்கு நேர் கீழே, குழந்தையின் டயப்பர் பைக்குள்ளிருந்து புளியோதரை மணக்கும். ஒரு முறை என் பின்வரிசையில் ஒரு பெரியவர், "நம்ம ஊர்ல இப்பிடி எறிஞ்சா மாங்கா அடிக்கிறான்னு ஆட்டத்தை விட்டே தொரத்திடுவான். இங்க இதுக்குக் கை தட்டுறானுங்க பாரு" என்றார். அவரே அடுத்த வாரம் அவன் பெயர் பொறித்த சட்டை அணிந்து வந்தார்.

ஜாபருக்கு வேறொரு கவலை இருந்தது. அரங்கம் நகர மன்றத்துக்குச் சொந்தமானது. குத்தகை அந்தக் கோடையோடு முடிகிறது. அந்த நிலத்தில் வேறொன்றைக் கட்ட விரும்பியவர்களும் மன்றத்தை அணுகியிருந்தார்கள். குத்தகை நீளவில்லையென்றால் அணி வேறு ஊருக்குப் போக வேண்டும். இல்லையேல் கலைய வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மன்ற உறுப்பினர்கள் நேரில் வருவதாக இருந்தார்கள். அரங்கம் நிரம்பி வழிவதை அவர்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பது ஜாபரின் திட்டம். அன்று எறியப்போகிறவன் தருண். வாயிலில் வீட்டுக் கதவளவு உயரத்தில் அவன் படம் தொங்கியது. வருவோருக்கெல்லாம் கொடுப்பதற்காக அவன் முகம் அச்சிட்ட பேஸ்பால் கார்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன.

தருணைப் பார்க்கும்போதெல்லாம் ஜாபர் அவன் தோளைத் தட்டி, "எல்லாம் உன் கையிலதான் இருக்கு தம்பி" என்பார். அன்பாகத்தான் சொல்வார். நாம் அனைவரும் நாள்தோறும் சொல்லும் வார்த்தைதானே அது! அதன் எடை எவ்வளவு என்று அப்போது எங்களில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை நண்பகலில் தருணின் தாயார் சுமதி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவரும் கணினி நிறுவனத்தில் பணிபுரிபவர். எப்போதும் இரண்டு கூட்டங்களுக்கு இடையில்தான் பேசுவார். ஆகையால் குரலில் ஓர் ஓட்டம் இருக்கும்.

"அங்கிள், பிஸியா இருக்கீங்களா? ஒரு சின்ன கம்ப்ளெயின்ட். உங்க ஸ்டேடியம் புல்லுல ஃபயர் ஆன்ட் இருக்கு. கொஞ்சம் மருந்து அடிக்கச் சொல்லுங்களேன்."

"அப்படியா? யாரைக் கடிச்சுது?"

"தருணைத்தான். போன வாரத்துலேர்ந்து கையில எறும்பு, எறும்புன்னு சொல்லிட்டே இருக்கான். நான் அரிப்புக்குக் கேலமைன் தடவுன்னு குடுத்தேன். தொடவே இல்ல. நீங்களாவது சொல்லுங்க அங்கிள். ஃப்ரைடே எவ்ளோ முக்கியமான கேம்!"

டெக்சஸின் செவ்வெறும்பு கடித்தால் மறுநாளே சீழ் கோத்த கொப்புளம் எழும்பும். அது எவருடைய கண்ணுக்கும் தப்பாது. நானோ திங்களன்றுதான் அவன் கையைத் தோளிலிருந்து விரல் நுனிவரை பிடித்துவிட்டிருந்தேன். அதில் ஒரு கொப்புளமும் இல்லை. அன்று அவன் சொன்னது ஒரே சொல்: "டைட்." பிட்சர்கள் அனைவரும் சொல்லும் சொல் அது. இரவு சரியாக உறங்காவிட்டாலும் டைட். எலும்பு விரிசல் கண்டாலும் டைட்.

குரலை மாற்றாமல் கேட்டேன்.

"எந்த விரல்ல எறும்பும்மா?"

"என்ன அங்கிள், எறும்பு விரல் பாத்தா கடிக்கும்? சுண்டு விரலு, அதுக்குப் பக்கத்து விரலு. அதை ரெண்டையும்தான் சும்மா சும்மா ஒதறிக்கிட்டே இருப்பான். டின்னர் டேபிள்ல கூட..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. தொலைபேசியின் மறுமுனையில் எவரோ அவரைக் கூட்டத்துக்கு அழைப்பது கேட்டது.

"அங்கிள்," என்றார் மெதுவாக. "அவன் சின்னப் பையனா இருக்கும்போது கீழ ரொம்ப நேரம் உக்காந்து எந்திரிச்சா, 'அம்மா, கால்ல எறும்பு ஊறுது'ம்பான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். கால் மரத்துப் போனா நாங்க அப்டித்தான சொல்லுவோம். அங்கிள்... இது அந்த எறும்பா?"

நண்பர்களே, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன என்றால், முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு நசுங்குகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எறிபவனுக்கு அது தனியே வருவது குறைவு. அதன் அருகிலுள்ள தசைநாரும் நைந்துகொண்டிருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. எங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஸ்கேன் நேரமோ திங்கட்கிழமை. ஆட்டம் வெள்ளி. இடையில் என் கையில் இருந்தது, ஒரு தாய் வேறொன்றாகப் புரிந்துகொண்ட ஒரு மழலைச் சொல் மட்டுமே.

"பார்த்துச் சொல்றேன்மா" என்றேன்.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ப்ளீஸ் அங்கிள். எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் பேசுவான். என்கிட்ட தமிழ்ல வர்றதே இந்த மாதிரி நாலு வார்த்தைதான். காட்டிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா அதுவும் நின்னுடும்."

அந்த வேண்டுகோள் என்னைக் கட்டிப்போட்டது. நான் மேலாளரிடம் சென்று தாய் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அவர் தருணை அழைத்துக் கேட்பார். அவன் "ஐ ஆம் குட்" என்பான். அதன் பின் எனக்கும் எதையும் சொல்ல மாட்டான். தாய்க்கும் சொல்ல மாட்டான். அடுத்த முறை கை மரத்துப்போகும்போது அதை அறிந்தவர் உலகில் அவன் ஒருவனாகவே இருப்பான். அந்த நிலைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தந்தது. சொல்ல வேண்டியவன் அவனே. ஆனால் அவன் வாயிலிருந்து அதை எப்படி வரவழைப்பது?

வியாழன் காலை நான் அரங்கினுள் நுழையும்போதே ஜாபர் கார்டுப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்தபடி எதிரில் வந்தார்.

"காக்கா, பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கான்ல?" என்று ஒரு கார்டை என் சட்டைப் பையில் செருகினார். "பய ரெடிதானே?"

"நாளைக்குச் சொல்றேன் ஜாபர்."

"நாளைக்கா? நாளைக்கு மேட்ச்சு! என்ன காக்கா, நீங்க பிசியோவா, பிறைக் கமிட்டியா? பிறை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அறிவிப்பீங்களோ?"

நகைத்தார். நானும் நகைத்தேன். அவர் அகலாமல் நின்று என் முகத்தை உற்று நோக்கினார். நோன்பின் கடைசி நாளன்று பிறை தெரிந்ததா என்று தெரியாமல் பள்ளிவாசல் வாயிலில் நிற்பவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது அவர் முகமும்.

"ஒண்ணும் இல்லைல்ல காக்கா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

இவ்விடத்தில் உங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். அந்த வினாடியில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. அவரை அமைதிப்படுத்த வேண்டும் என்பது மட்டுமே அதற்குக் காரணமல்ல. நானும் அமைதியடைய விரும்பினேன். நம் தொழிலில் வரும் மிகப் பெரிய சபலம் அதுதான். "பார்த்துச் சொல்கிறேன்" என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு நில்லுங்கள். அது கோழையின் சொல்லைப் போல ஒலிக்கும், ஒலித்துவிட்டுப் போகட்டும்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் பிட்சர்கள் பந்தெறிவதில்லை. ஆகையால் அன்று ஒரு நாள் எனக்குக் கிடைத்தது. பிற்பகலில் தருண் வழக்கம்போல் என் அறைக்கு வந்து மேசைமேல் ஏறி அமர்ந்தான். நெடிய பிள்ளை, கால்கள் தரையைத் தொடும்.

"எப்படி இருக்கு?"

"டைட், அங்கிள். ஐ ஆம் குட்."

என் பையிலிருந்த கார்டை எடுத்தேன். அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் இறுகப் பிடிக்கச் சொன்னேன். நான் மறுமுனையைப் பற்றி மெல்ல இழுத்தேன். முதலில் இடக்கை. கார்டு அசையவில்லை. பிறகு வலக்கை. அவன் கட்டைவிரல் நுனி மடங்கியது, மணிக்கட்டு நடுங்கியது, கார்டு வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது. தன் முகம் அச்சிட்ட ஒரு துண்டு அட்டையை அவனால் பிடித்து நிறுத்த இயலவில்லை.

"இன்னொரு தடவை" என்றான் ஆங்கிலத்தில். மீண்டும் செய்தோம். மீண்டும் வழுக்கியது. "கையில வேர்வை" என்றான். துண்டால் துடைத்துக்கொண்டான். ஆனால் மூன்றாவது முறை இழுக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை.

அந்த அறையில் அதுவரை நான் அவனோடு ஆங்கிலத்திலேயே பேசி வந்தேன். மற்ற ஆட்டக்காரர்கள் நடுவே அவனைத் தனித்துக் காட்ட வேண்டாம் என்று எண்ணியே அப்படிச் செய்தேன். அன்று கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் கேட்டேன்.

"தம்பி, எங்க? எது மாதிரி இருக்கு? தமிழ்ல சொல்லு."

"அங்கிள், ஐ டோன்ட் ஹேவ் த வேர்ட்ஸ்."

"இருக்குற வார்த்தை போதும்."

தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே புல் வெட்டும் வண்டி ஒரு சுற்று முடித்துத் திரும்பியது. நான் உதவிக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது என் சொல்லாகிவிடும். தாயின் சொல்லாகவும் ஆகிவிடும்.

சுண்டு விரலை இடக்கையால் தொட்டுக் காட்டினான்.

"எறும்பு" என்றான். அவன் காது மடல்கள் சிவந்தன. "சாரி, அது பேபி வேர்ட்."

"இல்லப்பா. சரியான வார்த்தை. எறியும்போதா, எறிஞ்ச பின்னாடியா?"

"முதல்ல... எறிஞ்ச பின்னாடி மட்டும். இப்போ எப்பவும்."

பிறகு அவனே தொடர்ந்தான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். தான் சொல்லிவிட்டால் மேலாளருக்கு வேலை இல்லை, புல் வெட்டுபவருக்கு வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னான். "ஜாபர் அங்கிள் எப்பவும் சொல்றாரு, எல்லாம் உன் கையில இருக்குன்னு. ஐ நோ வாட் இட் மீன்ஸ். பட் எனக்கு நிஜமாவே கேக்குது, லைக், இட்ஸ் இன் ஹியர்" என்று முழங்கையைத் தொட்டான்.

நாம் வெறும் வழக்காகச் சொல்லும் ஒன்றை, அந்த மொழியில் நாலு சொற்களே உள்ளவன் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துச் சுமந்திருந்தான்.

நான் அவனிடம் இரண்டைச் சொன்னேன். நாளை எறிவதற்கு நான் அனுமதி தர மாட்டேன். காரணம் கேட்டால் "அனுமதி இல்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஜாபரிடம் காரணத்தைச் சொல்வது அவன் விருப்பம். நாளைப் பிற்பகல்வரை அதற்கு நேரம் உண்டு.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீ சொன்னா தெரியும்" என்றேன். நான் சொன்னது பொய்யன்று. முழு மெய்யும் அன்று.

வெள்ளியன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜாபரின் காரிலேயே அரங்குக்குத் திரும்பினேன். அந்தப் பயணத்தை நான் மறக்க இயலாது. மன்ற உறுப்பினர்களை எந்த வரிசையில் அமர்த்துவது, அவர்களுக்குச் சமோசா கொடுப்பதா ஹாட் டாக் கொடுப்பதா, தருண் முதல் விக்கெட்டை எடுத்ததும் எந்த இசை ஒலிக்க வேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். விக்கெட் இல்லை ஜாபர், இதில் அவுட் என்றுதான் சொல்வார்கள் என்று திருத்துவது என் வழக்கம். அன்று திருத்தவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். எஞ்சிய தூரம் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். அந்தப் பிள்ளை சொல்லாமல் இருந்துவிட்டால், வாயிலில் கூட்டம் சேர்ந்த பிறகு காரணமின்றி மறுக்கும் மனிதனாக நான் நிற்க வேண்டியிருக்கும் என்று அஞ்சினேன்.

வாயிலில், தன்னுடைய பெரிய படத்துக்குக் கீழே, தருண் நின்றிருந்தான். அருகில் சுமதி. வேலை நாளில், அந்த நேரத்தில் அவர் அங்கு இருக்கிறார் என்பதிலிருந்தே தாய்க்கும் மகனுக்கும் பேச்சு நடந்துவிட்டது என்று அறிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தருண் நேராக ஜாபரிடம் வந்தான். ஆங்கிலத்தில் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தமிழில் பேசினான். இரவெல்லாம் கோத்து வைத்திருந்த சொற்கள் போலும்.

"ஜாபர் அங்கிள், எல்லாம் என் கையில இருக்குன்னு சொல்லுவீங்க. என் கையில ஒண்ணும் இல்ல அங்கிள். எறும்பு மட்டும்தான் இருக்கு."

ஜாபருக்கு முதலில் விளங்கவில்லை. "எறும்பா? எந்த எறும்பு? மருந்தடிக்கச் சொல்லவா?" என்றார். சுமதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தருண் தன் சுண்டு விரலை நீட்டிக் காட்டினான். ஜாபர் அந்த விரலையும், பிறகு என்னையும் பார்த்தார். கீழக்கரையில் பிறந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

வாயிலுக்கு வெளியே முதல் கார்கள் வந்து நிற்கத் தொடங்கின.

"எத்தனை நாளா தம்பி?"

"போன வாரம்."

"போன வாரமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னேனே" என்றார் ஜாபர். அவன் தோளைத் தட்ட உயர்ந்த கையை, தட்டாமல், அப்படியே தோள்மேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிறை பாத்துட்டீங்க காக்கா. பெருநாள் எனக்கு இல்ல" என்றார்.

அன்று மாலை ஒலிபெருக்கியில் அவரே அறிவித்தார். காரணம் எதையும் சொல்லாமல், தருண் இன்று எறியமாட்டான், ஆனால் வாயிலில் நின்று அனைவரையும் வரவேற்பான் என்று மட்டும் சொன்னார். வலக்கைக்கு ஓய்வு வேண்டும் என்பதால் அவன் இடக்கையால் கார்டுகளைக் கொடுத்தான். முதலில் வந்த ஒரு பெண்மணியே, "வலது கையால குடுப்பா! அம்மா அப்பா சொல்லிக் குடுக்கலையா?" என்று கடிந்தார். அவன் திகைத்துப்போய் வலக்கைக்குக் கார்டை மாற்றப் போனான். சுமதி குறுக்கே புகுந்தார்.

"இல்ல ஆன்ட்டி, சொல்லிக் குடுத்தேன். அந்தக் கைக்கு இப்போ லீவு குடுத்திருக்கோம்."

அரங்கம் நிரம்பியது என்னவோ உண்மை. அதற்கு மேல் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தருணுக்குப் பதிலாக எறிந்தவர் நல்ல மனிதர். எதிரணி அவரைப் பந்தாடியது. ஆட்டத்தின் பாதியிலேயே குடும்பங்கள் எழுந்து, உறங்கிப்போன குழந்தைகளைத் தோளில் சாய்த்தபடி கார்களை நோக்கி நடந்தன. மன்ற உறுப்பினர்கள் வெளியேறும் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே ஹாட் டாக் உண்டார்கள். ஒரே ஒருவனுக்காக வந்த கூட்டம் இது என்று அவர்கள் கணித்தார்கள். அந்தக் கணிப்பில் பிழை இருந்ததாக என்னால் இன்றும் சொல்ல இயலவில்லை. குத்தகை நீட்டிக்கப்படவில்லை. அணி மேற்கே வேறொரு சிற்றூருக்குச் சென்றது. ஜாபர் தம் பங்கை விட்டுவிட்டு ரிச்சர்ட்சன் திரும்பினார். மேலாளர் வேறு அணியில் சேர்ந்தார். புல் வெட்டுபவர் என்ன ஆனார் என்று நான் அறியேன். அது என்னை இன்றும் உறுத்துகிறது. என் பணியும் அந்தக் கோடையோடு நிறைவுற்றது.

திங்களன்று எடுத்த ஸ்கேனில் தசைநார் ஒரு பகுதி கிழிந்திருந்தது, முற்றும் அறுந்திருக்கவில்லை. கத்தி படாமல் ஓய்விலேயே ஆறக்கூடும் என்றார் மருத்துவர். வெள்ளியன்று எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். நண்பர்களே, இந்தத் தொழிலில் நீங்கள் தடுத்து நிறுத்திய விபத்தை உங்களால் எவருக்கும் காட்ட இயலாது. காலியான அரங்கத்தை எவரும் காட்டலாம். இந்த ஏற்றத்தாழ்வோடு வாழப் பழகாதவர்கள் வேறு பணி தேடிக்கொள்வது நலம்.

ஓய்வு நீண்டது. அணியை விட்ட பின்னும் அவன் கையை நானே கவனித்து வந்தேன். நடுவில் ஒரு முறை எறும்பு திரும்பி வந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இடமாறிய அந்த அணியே பின்னர் அவனை மீண்டும் அழைத்துக்கொண்டது; இப்போது அங்கு எறிகிறான். பழைய வேகம் முழுவதும் திரும்பவில்லை. குறி முன்னைவிடக் கூர்மையாகியிருக்கிறது என்கிறார்கள். அவன் எறியும் நாள்களில் நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு அறைக்குச் சென்றுவிடுவேன்.

சென்ற மாதம் அப்படி ஒரு நாளில், ஆட்டம் தொடங்கும் முன்பே தொலைபேசி ஒலித்தது. பிட்சர்கள் ஆட்டத்துக்கு முன் கையைச் சூடேற்றும் ஓரத்து மேட்டிலிருந்து பேசினான். மூச்சிரைத்தது.

"அங்கிள்... எறும்பு."



"எந்த விரல்?"

"இடது கால் கட்டைவிரல்" என்றான் தருண். "நிஜ எறும்பு அங்கிள். ஷூவுக்குள்ள. அம்மாகிட்ட அந்த மருந்து பேர் என்னன்னு கேட்டுச் சொல்றீங்களா?"